மணல் இல்லாத தொட்டி: அடிக்கண்ணாடிக்குச் சாயம் அடித்த அனுபவம்

மணல் போடாத மீன்தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் அடிக்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். முன்னால் நின்று சற்றுக் கீழ்நோக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மீனுக்கும் அடியில் தலைகீழாக இன்னொரு மீன் நீந்தும். தண்ணீரிலிருந்து வரும் ஒளி கண்ணாடியைக் கடந்து, அதற்குக் கீழே இருக்கும் காற்றுக்குள் போக வேண்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 48.6 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஒளியால் அது முடியாது, முழுதாக உள்ளேயே திரும்பிவிடும். அடியில் நுரைப்பலகை வைத்திருந்தாலும் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று இருக்கத்தான் செய்யும். ஆகவே, "கலர் அட்டை ஒன்றை அடியில் செருகிவிட்டால் போதும்" என்கிற யோசனை பாதிதான் பலிக்கும். மேலிருந்து நேராகப் பார்த்தால் அட்டையின் நிறம் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் பழைய கண்ணாடிதான். மீனின் பார்வையோ பெரும்பாலும் பக்கவாட்டில்.

அடிக்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சாயம் அடித்தால் இந்தப் பிரச்சினை தீர்கிறது. கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் சாயத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று கிடையாது. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட 1.5 என்பதால் ஒளி சாயத்துக்குள் போய், அதன் நிறத்தோடு சிதறித் திரும்புகிறது. கீழே இருந்த பொய் மீன்கள் மறைந்துவிடும்.

நான் சாயம் அடித்தது ஒரு நாலடித் தொட்டிக்கு: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 8 மில்லிமீட்டர் கண்ணாடி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) பின்னால் செம்பனைத் தோட்டம், முன்னால் சாலை. 2000ஆம் ஆண்டு வாக்கில் லுவோஹான் என்ற நெற்றி புடைத்த மீனின் மோகம் நாட்டையே ஆட்டிப் படைத்தபோது மச்சான் வாங்கிய தொட்டி இது. மோகம் அடங்கியதும் அவர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. அதில் டிஸ்கஸ் வளர்க்கலாம் என்று முடிவு செய்தபோதே மணல் வேண்டாம் என்பதும் முடிவாகிவிட்டது.

டிஸ்கஸ் சூடான தண்ணீரில், 28 முதல் 30 பாகை செல்சியஸில் வாழும் மீன். குஞ்சாக இருக்கும்போது நாளைக்குப் பல வேளை தீனி கேட்கும். தீனி அதிகமென்றால் கழிவும் அதிகம். மணலுக்குள் இறங்கிய தீனித்துண்டு அந்தச் சூட்டில் சீக்கிரம் அழுகும், நமக்குத் தெரியவும் தெரியாது. வெறும் அடியில் ஒரு துணுக்கு கிடந்தாலும் கண்ணில் படும். உடனே உறிஞ்சி எடுத்துவிடலாம். நோயைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். மீனின் கழிவு வெள்ளையாக, நூல்போல வருகிறதா என்பது மணலில் தெரியாது. குடலில் கோளாறு தொடங்கியதற்கு முதல் அறிகுறி பல சமயம் அதுதான்.

அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தரை இல்லாத வூட்டுல மீனு எங்கடா நிக்கும்?" என்றார். அவர் கேள்வியில் விஷயம் இருக்கிறது. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத மீன் மூலையில் ஒதுங்கும், கறுத்துப் போகும், தீனிக்கு வராது. சாயம் என்பது நம் கண்ணுக்கு அழகு சேர்க்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது மீனுக்குத் தரை போட்டுக் கொடுக்கும் வேலை. நிறத்தையும் மீனைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், வரவேற்பறைச் சுவரைப் பார்த்து அல்ல.

மீனின் தோலில் கருநிறமி கொண்ட செல்கள் இருக்கின்றன. சுற்றுப்புறம் கறுப்பாக இருந்தால் அந்த நிறமி செல் முழுதும் பரவி மீன் கறுக்கும். வெளிறி இருந்தால் நிறமி நடுவில் குவிந்து மீன் வெளுக்கும். சாதாரண டிஸ்கஸுக்கு இதனால் பெரிய கேடில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் உருவான 'பிஜியன் பிளட்' வகைக்குக் கறுப்பு அடி ஆகவே ஆகாது. ஆரஞ்சும் வெள்ளையுமாக இருக்க வேண்டிய உடம்பு முழுக்க மிளகுப்பொடி தூவியது மாதிரி கரும்புள்ளி விழும். பினாங்கிலும் ஈப்போவிலும் டிஸ்கஸ் விற்பவர்களின் தொட்டிகள் வெளிர்நீலமாக இருப்பதற்கு இதுதான் காரணம். வாங்கிவந்து கறுப்புத் தொட்டியில் விட்டுவிட்டு, "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று புலம்புவதில் நியாயமில்லை.

சரி, வெள்ளை அடித்துவிடலாமே என்றால் அதுவும் சரிவராது. மேலே விளக்கு, கீழே வெள்ளை என்றால் மீனுக்கு இரண்டு பக்கமும் கூச்சம். ஆற்றில் வெளிச்சம் கீழேயிருந்து வருவதில்லை. கழிவைத் தேடுவதற்கு வெள்ளை வசதிதான், ஆனால் மெல்லிய பாசி படிந்தால்கூட அழுக்காகத் தெரியும். கறுப்பில் கழிவே தெரியாது. கழிவு தெரியாத வெறும் அடி எதற்கு? கடைசியில் நான் எடுத்தது மணல்நிறம் கலந்த வெளிர் சாம்பல். தீனி, கழிவு, நூல்போன்ற வெள்ளைக் கழிவு மூன்றும் அதில் தனித்தனியாகத் தெரிகின்றன. பின்கண்ணாடிக்கும் அதே சாயம்.

பட்டணத்து ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (சீன முதலாளி) நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். "கண்ணாடிக்கா? ஸ்பிரே வாங்கிக்கோ தம்பி, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். நான் கேட்டது வெளிச்சுவருக்கு அடிக்கும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயம். ஸ்பிரே கண்ணாடியில் அழகாகப் படியும், பொய்யில்லை. ஆனால் அதன் தூசி காற்றில் பறந்து பக்கக் கண்ணாடியில் உட்காரும், வாடை வீடெல்லாம் நிற்கும், நாளைக்கு எடுக்க வேண்டுமென்றால் கரைப்பான் வைத்துத் தேய்க்க வேண்டும். அக்ரிலிக் சாயம் காய்ந்ததும் ரப்பர்த் தோல் மாதிரி ஆகிவிடும். வேண்டாமென்றால் பிளேடால் ஒரு மூலையைக் கிளப்பி உரித்துவிடலாம். எண்ணெய்ச் சாயம் நம் ஈரக் காற்றில் காய நாளெடுக்கும், நாளானால் மஞ்சளடிக்கும். அதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

எவ்வளவு சாயம் வேண்டும்? அடிக்கண்ணாடி 6 சதுர அடி, அதாவது அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இந்த வகைச் சாயம் ஒரு லிட்டருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் ஓடும். 4 பூச்சு என்றாலும் கால் லிட்டர் தாண்டாது. பின்கண்ணாடியையும் சேர்த்தால் அரை லிட்டர். ஒரு லிட்டர் டின் வாங்கினால் மிச்சம் நிச்சயம். அதோடு நாலங்குல நுரை ரோலர், மாஸ்கிங் டேப், ஷேவ் செய்யும் பிளேடு, மருந்துக்கடை ஸ்பிரிட், வினிகர். நுரை ரோலராகவே கேட்டு வாங்குங்கள். முடி வைத்த ரோலர் கண்ணாடியில் புள்ளிபுள்ளியாகக் குமிழ் விடும்.

காலித் தொட்டியே 40 கிலோவுக்குக் குறையாது. தனியாளாகப் புரட்டும் வேலையே வேண்டாம். போர்ச்சில் பழைய மெத்தையை விரித்து, மச்சானும் நானுமாகக் கவிழ்த்தோம். "மாப்பிள்ளை, விளிம்பப் புடிக்காதீங்க, அடியில கை குடுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மேல்விளிம்பில் குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டைகளைப் பிடித்துத் தூக்கினால் சிலிக்கான் பிய்ந்துவிடும் என்பது அவர் கவலை. நியாயமான கவலை.

சுத்தம் செய்வதில்தான் முக்கால்வாசி நேரம் போனது, போகவும் வேண்டும். கொல்லையில் கிடந்த தொட்டியில் பழைய உப்புக்கறை, பல்லியெச்சம், நுரைப்பலகையின் துணுக்கு எல்லாம் ஒட்டியிருந்தன. உப்புக்கறைக்கு வினிகரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டால் இளகும். பிறகு பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்ட வேண்டும். அப்புறம் தண்ணீர், அப்புறம் ஸ்பிரிட். ஸ்பிரிட் துடைத்த பிறகு கை படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் பிடிக்காமல் வட்டமாக விலகி நிற்கும். ஜன்னல் துடைக்கும் நீலத் திரவம், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் இவற்றையெல்லாம் கிட்டே கொண்டுவர வேண்டாம்.

சிலிக்கான் மீது எந்தச் சாயமும் நிற்காது. எங்கள் தொட்டியில் அடிக்கண்ணாடி நான்கு சுவர்களுக்கு உள்ளே பொருந்தியிருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் சுற்றிலும் சிலிக்கான் கோடு தெரியும். அந்தக் கோட்டை விட்டு உள்ளே தள்ளி டேப் ஒட்டினேன். கோட்டின் மேலேயும் சாயத்தை இழுத்துவிட்டால் பின்னால் அது பட்டையாக உரியும், உரியும்போது கண்ணாடியில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். இன்னொரு காரணமும் உண்டு. கசிவு என்று வந்தால் அந்தக் கோட்டில்தான் வரும். அதை மறைக்காமல் வைத்திருப்பது நல்லது.

முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது. கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாத பரப்பு என்பதால் சாயம் திட்டுத்திட்டாக, கோடு கோடாக நிற்கும். பயந்துபோய் மேலே மேலே ரோலரை ஓட்டினால் பாதி காய்ந்த தோல் பிய்ந்து உருளும். மெலிதாக ஒரு தடவை நீளவாக்கில் ஓட்டிவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்த பூச்சு அகலவாக்கில், அதற்கடுத்தது மறுபடி நீளவாக்கில். மூன்றாவது பூச்சில் முகம் தெளியும், நான்காவதில் மூடிவிடும்.

டின்னில் போட்டிருக்கும் காயும் நேரம் நம் ஊருக்குப் பொருந்தாது. பேராக்கில் பிற்பகல் மழை வந்துவிட்டால் காற்றில் ஈரப்பதம் ஏறி நிற்கும், சாயத்தில் உள்ள தண்ணீர் போக இடமிருக்காது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். அப்போது அடுத்த பூச்சை அடித்தால் அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும். அதனால் காலையில் ஒரு பூச்சு, வெயில் உச்சிக்கு வருமுன் இன்னொன்று, மறுநாள் மீதி என்று பிரித்துக்கொண்டேன். நேர்வெயிலில் வைத்து அடிப்பதும் தப்பு. சூடான கண்ணாடியில் சாயம் ரோலரோடு வந்துவிடும். போர்ச்சின் நிழல்தான் தோதான இடம். ஆனால் எங்கள் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம் புழுதி கிளம்பும், அதனால் வீட்டுப் பக்கமாக ஓர் ஓரத்தில் கேன்வஸ் கட்டித் தடுத்தோம்.

இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, தொட்டிக்குள் டார்ச் அடித்து வெளியிலிருந்து பாருங்கள். பகலில் முழுசாக மூடியதாகத் தெரிந்த இடத்தில் ஊசிமுனை ஓட்டைகள் நட்சத்திரக் கூட்டமாக நிற்கும். அவற்றுக்குச் சின்னத் தூரிகையால் ஒற்றுப்பூச்சு போதும். டேப்பைக் கடைசிப் பூச்சு முழுக்கக் காயுமுன் உரிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் டேப்போரமாகப் பிளேடால் ஒரு கோடு கீறிவிட்டு உரிப்பது பாதுகாப்பு.

பூச்சு முடிந்ததும் உடனே தொட்டியைத் தூக்கி ஸ்டேண்டில் வைக்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். அக்ரிலிக் சாயம் தொடக் காய்வது வேறு, இறுகுவது வேறு. முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். இந்தத் தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் ஸ்டேண்டின் மீது கால் டன்னுக்கு மேல் உட்காரும். அந்தப் பளுவில் இறுகாத சாயம் நுரைப்பலகையோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. என்றைக்காவது தொட்டியை நகர்த்தும்போது சாயம் பலகையோடு போய்விடும். நான் ஒரு வாரத்துக்கு மேல் காயவிட்டு, நுரைப்பலகைக்கும் சாயத்துக்கும் நடுவே கேக் சுடும் தாளை விரித்தேன். அம்மாவின் தீபாவளி பிஸ்கட் தட்டுக்கு வாங்கிவைத்த சுருள். அந்தத் தாளில் எதுவும் ஒட்டாது. விளிம்புச் சட்டம் வைத்த தொட்டிகளுக்கு இந்தக் கவலையே இல்லை. சட்டம்தான் ஸ்டேண்டைத் தொடும், அடிக்கண்ணாடி தொடாது.

ரசமட்டம் வைத்துப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு ஓர் இரவு வைத்துக் கசிவு பார்த்து, பிறகு நிரப்பினோம். இரண்டங்குலம் குறைத்து நிரப்பினால் சுமார் 210 லிட்டர்.

இனித் தொட்டி பராமரிப்பு. மணல் இருக்கும் தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியா மணல் முழுதும் குடியிருக்கும். வெறும் அடியில் அந்த இடம் இல்லை, ஆகவே அதை ஃபில்டரில் கொடுத்தாக வேண்டும். எங்கள் தொட்டியில் இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்). அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் இந்தக் கூட்டம் வளர நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேறு தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து போட்டால் சீக்கிரமாகும். ஸ்பாஞ்சைக் கழுவும்போது குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள், குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து அதில் பிழிய வேண்டும். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது.

அம்மோனியா எவ்வளவு விஷம் என்பது தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவைப் பொறுத்தது. 28 பாகையில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட விஷவடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் அது நூற்றுக்கு ஆறுக்கு மேல் போய்விடும். அதனால்தான் தொட்டிக்குள் கிளிஞ்சல், பவளக்கல் என்று அலங்காரம் வைக்க வேண்டாம் என்கிறேன். அவை பிஎச்சை ஏற்றிவிடும். அதே காரணத்துக்காக, ஈப்போப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் பொறுக்கிய கல்லையும் போடாதீர்கள், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கழிவு எல்லாம் ஒரே மூலையில் சேரும்படி ஃபில்டரின் வாயைத் திருப்பி வைத்தால் பாதி வேலை குறையும். கனிஸ்டரின் வெளிவாய் பின்கண்ணாடியோரமாக நீளவாக்கில் அடிக்கிறது. தண்ணீர் சுற்றிவந்து முன்பக்க இடது மூலையில் வேகம் இழக்கும், குப்பையை அங்கே போட்டுவிட்டுப் போகும். உறிஞ்சும் பொறுப்பு அப்பாவுடையது. ரப்பர் மரம் சீவப் போன காலத்திலிருந்து விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு, பணி ஓய்வுக்குப் பிறகும் அந்த நேரத்துக்குத் தூக்கம் கலைந்துவிடும். அரையங்குல டியூபின் நுனியில் கெட்டியான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அந்த மூலையில் மட்டும் வைத்து ஒரு வாளி எடுக்கிறார். தொட்டி முழுக்க டியூபை அலையவிட வேண்டியதில்லை, மீனும் மிரளாது. வாளித் தண்ணீர் கருவேப்பிலைக்கும் மிளகாய்ச் செடிக்கும் போகிறது. நைட்ரேட் உரம்தானே. மீன் வந்த பிறகு எங்கள் கருவேப்பிலை மரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா, "என்னண்ணே போடுறீங்க?" என்று கேட்காத வாரமில்லை.

உறிஞ்சிவிட்டால் அடி சுத்தமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. வெறும் கண்ணாடியில் சில நாளிலேயே வழவழப்பான படலம் ஒன்று படியும். கண்ணுக்குத் தெரியாது, விரலை வைத்தால் வழுக்கும். பாக்டீரியாவும் தீனிக் கொழுப்பும் சேர்ந்த படலம் அது. வாரம் ஒருமுறை புதிய ஸ்பாஞ்சால் (சோப்பு வாடையே அறியாத ஸ்பாஞ்ச்) அடி முழுக்கத் துடைத்து, கலங்கியதை அதே சூட்டோடு உறிஞ்சி எடுக்க வேண்டும். சாயம் வெளிப்பக்கத்தில் இருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உள்பக்கம் சாயம் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வேண்டாம். மீனோடு சாயம் சேரவே கூடாது.

தண்ணீர் மாற்றுவது வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு. பின்கட்டில் பெரிய நீலத் தோம்பு (பீப்பாய்) ஒன்றில் முதல் நாளே பிடித்து, காற்றுக்குமிழ் விடும் ஏர்ஸ்டோன் போட்டு வைத்துவிடுவேன். குளோரின் அதில் பறந்துவிடும். அவசரத்துக்கு மீன்கடையில் கிடைக்கும் வெள்ளைப் படிகம், சோடியம் தயோசல்பேட், போதும். குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீர் வரும் ஊர்களில் அந்தப் படிகத்தை மட்டும் நம்ப முடியாது. குளோரினைப் பிடிக்கும், அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். எங்கள் பக்கத்தில் இன்னொரு தலைவலி, குழாய் உடைந்து பழுது பார்த்த பிறகு வரும் முதல் தண்ணீர். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் வரும். அதைத் தோம்பில் பிடிக்காமல் வாசல் கழுவ விட்டுவிட வேண்டும், தெளிந்து வரும்வரை.

டிஸ்கஸ் வளர்ப்பவர்களில் பலர் மாட்டு இதயத்தை அரைத்துத் தீனி செய்கிறார்கள். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை, அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். இறால், கொஞ்சம் மீன்சதை, பசலைக்கீரை, பூண்டு இவற்றை அரைத்துத் தட்டையாக உறையவைத்து உடைத்துப் போடுகிறேன். மீன்கள் குறை சொல்லவில்லை. உண்மையில் இறாலில் இருக்கும் நிறமி பிஜியன் பிளட்டின் ஆரஞ்சுக்கு நல்லது. சாக்கடைப் பக்கம் வாரி விற்கும் உயிர்ப்புழுவை மட்டும் தொடுவதில்லை. நோயைக் காசு கொடுத்து வாங்குவது எதற்கு?

அலங்காரமாக வைத்தது கொஞ்சம்தான். ஒரு மரக்கட்டையில் ஜாவா ஃபெர்ன் கட்டியிருக்கிறேன். அது நம் தீபகற்பத்து ஓடைகளில் பாறையைப் பிடித்து வளரும் செடி, வேருக்கு மணலே வேண்டாம். கட்டையைக் கண்ணாடிமேல் நேராக வைக்காமல் அக்ரிலிக் துண்டு ஒன்றின் மேல் வைத்தேன். அடியில் அகப்பட்ட ஒரு சின்னக் கல்லே கண்ணாடியில் கீறல் விடப் போதுமானது.

தோட்டப்புறத்தில் மீன் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது கொசுப்புகை. டிங்கிக் காய்ச்சல் வந்த வட்டாரத்தில் சுகாதாரத் துறை ஆட்கள் புகை அடிக்க வருவார்கள். பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது, மிகச் சிறிய அளவே போதும். ஏர்பம்பு அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதும் இயந்திரம் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடக் கூடாது. புகை வண்டியின் சத்தம் சாலை முனையில் கேட்கும்போதே ஏர்பம்பை நிறுத்தி, தொட்டியை விளிம்புவரை பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே ஈரத்துண்டு போட வேண்டும். கனிஸ்டர் ஓடட்டும், அது தண்ணீரைத்தான் சுற்றுகிறது. வீட்டுக்குள் அடிக்க வந்தால் "அண்ணே, மீன்தொட்டி இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாடை முழுக்கப் போன பிறகு தாளை எடுத்து, பம்பைப் போடலாம்.

மின்தடையும் அப்படித்தான். 30 பாகைத் தண்ணீரில் முழுக்கக் கரைந்தாலும் பிராணவாயு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும், 20 பாகையில் நிற்பது ஒன்பதுக்கு மேல். இடியோடு மழை பெய்து கரண்டு போனால் பேட்டரி ஏர்பம்பு கைவசம் இருக்க வேண்டும்.

எல்லா மீனுக்கும் வெறும் அடி பொருந்தாது. மணலை வாயால் அள்ளிச் சலித்துத் தின்னும் மீன்கள், கோரிடோரஸ் மாதிரி தரையில் மீசை வைத்துத் தேடும் மீன்கள் இவற்றுக்கு மணல் கொடுங்கள். அவற்றை வெறும் கண்ணாடியில் விடுவது நம் வசதிக்காக அவற்றின் பிழைப்பைப் பறிப்பது. டிஸ்கஸ், அரவானா, லுவோஹான், குஞ்சு வளர்ப்பு, நோய் பார்க்கும் தனித்தொட்டி இவற்றுக்குத்தான் இந்த முறை.

சாயம் இப்போது எப்படி இருக்கிறது? நடுவில் புதிதுபோல இருக்கிறது. கனிஸ்டர் ட்யூப் இறங்கும் பின்மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கிளம்பியிருக்கிறது. ட்யூபின் வழியே வழியும் துளித்துளித் தண்ணீர் கண்ணாடிக்கும் நுரைப்பலகைக்கும் நடுவே இறங்கி, அங்கேயே தங்கி, சாயத்தைக் கிளப்பிவிடும். மின்கம்பிக்குச் செய்வதுபோல ட்யூபையும் தொட்டி மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினால் துளி அந்த வளைவில் சொட்டும், கண்ணாடிப் பக்கம் வராது. இப்போது அப்படித்தான் கட்டியிருக்கிறது. கிளம்பிய இடத்தைத் தொட்டி நிற்கும்போது சரிசெய்ய வழியில்லை. அடுத்தமுறை தொட்டியை நகர்த்தும்போது அந்த மூலையை மட்டும் உரித்து, ஸ்பிரிட் துடைத்து, மிச்சமிருக்கும் அரை டின்னிலிருந்து பூசிவிடுவேன். டின்னை மூடுமுன் மூடியோரத்தைத் துடைத்து, உள்ளே சாயத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்ட வைத்தால் தோல் கட்டாது.